30 ஆயிரமா, 3 லட்சமா: நம்ம வீட்டுக்கு எந்த ஸ்பீக்கர்?

“அண்ணே, வீடு கட்டி முடிச்சாச்சு. ஹால்ல வச்சுப் பாட்டு கேக்க நல்ல ஸ்பீக்கர் வேணும். திருவனந்தபுரத்துல ஒரு கடையில மூணு லட்சம் சொல்றாங்க. முப்பதாயிரத்துக்கே நல்லது கிடைக்கும்னு கூட வேலை பாக்கறவன் சொல்றான். யாரை நம்ப?”

தமிழக-கேரள எல்லை ஊரான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் மார்த்தாண்டம், குழித்துறை, அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று எங்கிருந்து கேட்டாலும் கேள்வி ஏறத்தாழ இதுதான். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. பாட்டின் தொனி சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால், இன்றைய 30 ஆயிரம் ரூபாய் ஜோடி 3 லட்ச ரூபாய் ஜோடிக்கு மிக அருகில் வந்துவிட்டது. மீதிப் பணம் வாங்கித் தருவது வேறு சில விஷயங்களை. அவை உங்கள் வீட்டுக்குத் தேவையா என்று பார்க்கத்தான் இந்த ஒப்பீடு.

## எதை வைத்துப் பார்ப்பது?

முதலில் தொனி. பாடகரின் குரல் மூக்கடைத்தது போல் வராமல், ஜால்ரா காதைக் குத்தாமல், எல்லாச் சுருதியும் அதனதன் அளவில் வருகிறதா? இரண்டாவது அடித்தொனி, அதாவது பேஸ். அதோடு, எவ்வளவு சத்தம் வரை கலங்காமல் தாங்கும் என்பது. மூன்றாவது உங்கள் அறை. கடைக்காரர் பேசாத விஷயம் இது, ஆனால் பாதி முடிவு இங்கேதான் இருக்கிறது. நான்காவது நம்ம ஊர் வானிலையும் மின்சாரமும்: இரண்டு பருவமழை, ஐப்பசி இடி, கடலோரமானால் உப்புக்காற்று. ஐந்தாவது ரிப்பேர். ஐந்து வருடம் கழித்து ஒன்று கெட்டுப் போனால் யார் கையில் கொடுப்பது? கடைசியாக, விலைச்சீட்டில் இல்லாத செலவுகள்.

## மலிவானவை எப்படி எட்டிப் பிடித்தன?

ஸ்பீக்கர் செய்வது நீண்ட காலம் கைப்பழக்கமாகவே இருந்தது. பெட்டி எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும், காற்றுத் துளை எத்தனை அங்குலம் என்பதை எல்லாம் செய்து பார்த்து, கேட்டுப் பார்த்து, மறுபடி அறுத்துத்தான் முடிவு செய்தார்கள். ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961-இல் இதைக் கணக்காக்கினார். அந்தக் கட்டுரை ஆஸ்திரேலியாவுக்கு வெளியே பரவலாகக் கவனிக்கப்பட்டதே 1971-இல் மறுபதிப்பான பிறகுதான். ரிச்சர்ட் ஸ்மால் அதை மேலும் விரித்தார். அதற்குப் பிறகு வூஃபரைப் (பேஸ் தரும் கூம்பைப்) பற்றிய சில எண்கள் கையில் இருந்தால், பெட்டி எப்படி ஒலிக்கும் என்பதை மரம் அறுப்பதற்கு முன்பே சொல்லிவிடலாம் என்றானது. தீல்-ஸ்மால் எண்கள் இன்று எந்த வூஃபரின் விவரத் தாளிலும் இருக்கும்.

அடுத்த திருப்பம் கனடாவில். அங்கே தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃப்ளாய்ட் டூல், எந்த ஸ்பீக்கர் பாடுகிறது என்று தெரியாதபடி மறைத்து வைத்து ஆட்களைக் கேட்க வைத்தார். கண்ணால் பார்க்காதபோது பெரும்பாலோர் விருப்பம் ஒரே பக்கம் சாய்ந்தது: நேராக நின்று அளந்தாலும் பக்கவாட்டில் நின்று அளந்தாலும் மேடு பள்ளம் இல்லாமல் சீராக ஒலிக்கும் பெட்டிதான் அவர்களுக்குப் பிடித்தது. 1986-இல் இதை வெளியிட்டார். பிறகு ஜேபிஎல்லின் தாய் நிறுவனமான ஹார்மனுக்குப் போய், 1994-இல் ஷான் ஆலிவோடு சேர்ந்து இன்னொரு சோதனை செய்தார். அதே ஸ்பீக்கர்களை, அதே ஆட்களை ஒரு முறை பார்த்துக்கொண்டும் ஒரு முறை பார்க்காமலும் கேட்க வைத்தார்கள். மதிப்பெண் மாறியது. அளவும் தோற்றமும் பெயரும் காதுக்குள் புகுந்து மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தன.

இந்த அறிவு பொதுச்சொத்தாகிவிட்டது என்பதுதான் முக்கியம். ‘நன்றாக ஒலிப்பது’ என்றால் என்ன என்பதற்கு வரைபடம் கிடைத்துவிட்டது. அந்த வரைபடத்தை எட்டத் தங்கக் கம்பி தேவையில்லை. மேல்தொனி தரும் ட்வீட்டரைச் சுற்றி ஒரு குழிவான பிளாஸ்டிக் வாய், வேவ்கைடு என்பார்கள், சரியான வளைவில் இருந்தால் பக்கவாட்டில் போகும் ஒலியும் சீராகும். வளைவைக் கண்டுபிடிப்பதும் அச்சு செய்வதும்தான் செலவு. அச்சு ஒரு தடவை தயாராகிவிட்டால், ஒரு லட்சம் பெட்டிக்கு ஊற்றும்போது பெட்டிக்கு ஆகும் செலவு அற்பம். ஜேபிஎல் 2013-இல் எம்2 என்ற பெரிய ஸ்டுடியோ மானிட்டரை (பதிவுக்கூடத்து ஸ்பீக்கரை) விட்டது. அதே வேவ்கைடு யோசனையைச் சிறிதாக்கிக் கீழ்விலை 3 வரிசையிலும் கொண்டு வந்தது.

ஆண்ட்ரூ ஜோன்ஸ் கதை இதைவிடத் தெளிவு. டிஏடி நிறுவனத்தில் பல்லாயிரம் டாலர் ஸ்பீக்கர்களை வடிவமைத்தவர், பயோனியருக்காக நூறு சொச்சம் டாலர் ஜோடி ஒன்றைச் செய்தார். பிறகு 2015-இல் எலாக் நிறுவனத்துக்கு டெபு பி6 செய்து கொடுத்தார். அப்போது அமெரிக்காவில் ஜோடி 280 டாலர். பொருளின் தரம் வேறு, செய்தவரின் அறிவு ஒன்றே. இங்கிலாந்தின் வார்ஃபேடேல் நிறுவனத்தின் டயமண்ட் பெட்டிகள் 1980-களிலிருந்தே மலிவு விலைக்குப் பெயர் போனவை. இன்று அந்த நிறுவனம் சீனக் குழுமம் ஒன்றின் கையில் இருக்கிறது. கூம்பு முதல் பெட்டி வரை சொந்தத் தொழிற்சாலையிலேயே செய்துகொள்கிறார்கள். விலை இறங்கியதில் அதற்கும் பங்குண்டு.

ஆனால் ஒன்றை எந்தக் கணினியும் மலிவாக்கவில்லை: காற்றைத் தள்ளுவது. அதே சத்தத்தில் ஒரு ஸ்தாயி கீழே இறங்க வேண்டுமானால் வூஃபர் 4 மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். 5 அங்குல வூஃபர் என்னதான் புத்திசாலித்தனமாகச் செய்யப்பட்டாலும் 30 ஹெர்ட்ஸ் போன்ற ஆழ்ந்த பேஸில் அறையை நிரப்பாது. சிறிய பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்டில் நிறையச் சத்தம் ஆகிய மூன்றில் எப்போதும் இரண்டுதான் கிடைக்கும். விலை உயர்ந்த பெட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் நியாயமான பங்கு இங்கேதான் போகிறது. மற்றொரு பங்கு மரவேலைக்கும் மினுமினுப்புக்கும்.

## வழி 1: பாசிவ் புக்‌ஷெல்ஃப் பெட்டி, தனி ஆம்ப்

பாசிவ் என்றால் உள்ளே ஆம்ப், அதாவது ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர், இல்லாத பெட்டி. எலாக், வார்ஃபேடேல், கியூ அகௌஸ்டிக்ஸ், பெயர் எதுவானாலும் ஜோடி 25 ஆயிரத்திலிருந்து 45 ஆயிரத்துக்குள் நல்லவை கிடைக்கின்றன. 10-க்கு 12 அடி, 12-க்கு 14 அடி அறையில் குரலும் வயலினும் மிருதங்கமும் கேட்பவருக்கு இதற்கு மேல் தேடவே வேண்டாம் என்பது என் எண்ணம்.

மறைந்திருக்கும் செலவு ஆம்ப்தான். 15 ஆயிரமாவது தனியாக எடுத்து வையுங்கள். இந்தப் பெட்டிகளின் திறன் 86 டெசிபல் சுற்றுவட்டாரத்தில் இருக்கும்: 1 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் 86. அதை 96 ஆக்க 10 வாட் வேண்டும், 106 ஆக்க 100 வாட். அந்த இடத்தில் சின்ன வூஃபர் கையைத் தூக்கிவிடும். அப்புறம் ஸ்டாண்ட். ட்வீட்டர் உட்கார்ந்திருப்பவரின் காதுக்கு நேராக வர வேண்டும். கடையில் விற்கும் ஸ்டாண்ட் விலையைக் கேட்டால் தலை சுற்றும். பக்கத்து வெல்டிங் பட்டறையில் இரும்புக் குழாயில் செய்யச் சொல்லி, உள்ளே நன்றாகக் காய்ந்த எம்-சாண்ட் நிரப்பினால் போதும். ஈர மணல் போட்டால் உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

ரிப்பேர் விஷயத்தில் இதை எதுவும் அடிக்க முடியாது. பெட்டிக்குள் மின்னணுச் சாமான் கிடையாது. ஒலியைப் பிரிக்கச் சில காயில், கண்டன்சர், அவ்வளவுதான். ஆம்ப் போனால் ஆம்பை மட்டும் மாற்றலாம். வாங்கும்போது வூஃபரின் ஓரத்தை மட்டும் பாருங்கள்: ரப்பர் வளையமாக இருக்கட்டும், நுரை வளையம் வேண்டாம். நுரை நம்ம ஈரக்காற்றில் சில வருடங்களில் பொடிப்பொடியாக உதிரும். (ரப்பர் விளையும் ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த வளையம் பெரும்பாலும் செயற்கை ரப்பர், குலசேகரத்துப் பால் இல்லை.)

## வழி 2: ஆக்டிவ் ஸ்டுடியோ மானிட்டர்

பணத்துக்கு எவ்வளவு ஒலி என்று மட்டும் கணக்குப் போட்டால் இதுதான் முதலிடம். ஜேபிஎல், யமஹா, காலி (Kali) போன்றவற்றின் 5, 6 அங்குல மானிட்டர்கள் ஜோடி 25 ஆயிரத்திலிருந்து 40 ஆயிரம் வரை. ஆம்ப் உள்ளேயே இருக்கிறது. வூஃபருக்கு ஒன்று, ட்வீட்டருக்கு ஒன்று. ஒலியைப் பிரிக்கும் வேலையை ஆம்புக்கு முன்பே மின்னணுவிலேயே முடித்துவிடுவதால் இன்னும் துல்லியமாகத் திருத்தலாம். பாட்டைப் பதிவு செய்பவர்களே இந்த வகையில்தான் கேட்கிறார்கள்.

அப்படியானால் எல்லோருக்கும் இதையே சொல்லிவிடலாமே? சொல்ல மாட்டேன். காரணம் நம்ம ஊர் வானம்.

ஐப்பசியில் மாலை 4 மணிக்கு மேல் மலைப் பக்கமிருந்து இடி கிளம்பும், சித்திரையிலும் உண்டு. பாசிவ் பெட்டி என்றால் ஆம்பின் ஒரு பிளக்கைப் பிடுங்கினால் தீர்ந்தது. மானிட்டருக்கு இரண்டு பிளக், இரண்டும் அறையின் இரண்டு மூலையில், பாதி நேரம் சோபாவுக்குப் பின்னால். யார் குனிந்து பிடுங்குவது? டிவியின் டிஷ் கேபிள் வழியாக வரும் மின்னலும் ஒலிக் கேபிள் வழியே இங்கே வந்து சேரலாம். டிவியிலிருந்து ஆப்டிகல் கேபிளில் டிஜிட்டலை ஒலிச் சைகையாக மாற்றும் ஒரு சின்ன டாக் (DAC) பெட்டிக்கு எடுத்து, அங்கிருந்து மானிட்டருக்குக் கொடுத்தால் அந்த வழி அடைபடும். ஆப்டிகலில் மின்சாரம் ஓடாது. உள்ளிருக்கும் போர்டு எரிந்துவிட்டால், அந்த மாடலுக்கென்றே செய்த போர்டு அது. வாரண்டி முடிந்திருந்தால் முழுத் தகட்டையும் மாற்ற வேண்டும், அதுவும் கிடைத்தால்.

வேறு சில்லறைத் தொல்லைகளும் உண்டு. சில மானிட்டர்களில் பாட்டு ஓடாதபோதும் மெல்லிய ‘ஸ்ஸ்’ கேட்கும். மேசையில் வைத்து அருகில் உட்கார்ந்தால் தெரியும், 8 அடி தள்ளினால் தெரியாது. எர்த் சரியில்லாத வீட்டில் ‘ம்ம்’ என்ற ரீங்காரம் வரும். ஒலியைக் கூட்டிக் குறைக்கப் பலவற்றில் ரிமோட் இல்லை, குமிழ் பெட்டியின் முதுகில். அப்பா அம்மாவும் பயன்படுத்தும் ஹாலுக்கு இது சரிப்படாது. மாடியறையில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருக்கும் பையனுக்கு, வாடகை வீட்டில் இருப்பவருக்கு, இதைவிட நல்ல தேர்வு இல்லை.

## வழி 3: லட்சங்களில்

3 லட்சம் கொடுத்து வாங்குபவரை ஏமாளி என்று சொல்லும் பழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நன்றாகச் செய்த பெரிய பெட்டி 20 அடி ஹாலைச் சிரமமில்லாமல் நிரப்பும். உரத்த இடத்தில் நெரிசல் இருக்காது. பெரிய அறையில் நாதஸ்வரத்தையும் தவிலையும் நேரில் கேட்கும் சத்தத்தில் கேட்க வேண்டுமென்றால் சின்னப் பெட்டி திணறும். இது திணறாது. பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். இளையராஜா பாட்டுகளில் அந்தக் கிட்டார் என்ன செய்கிறது என்று தேடிக் கேட்பவருக்கு அந்த அடித்தளம் முழுதாகக் கிடைக்கும்.

விலை கூடியதெல்லாம் சீரானதாக இருக்கும் என்பது மட்டும் பொய். சில பெட்டிகளில் வேண்டுமென்றே ஒரு சுவை சேர்த்திருப்பார்கள்: மேல்தொனி கொஞ்சம் தூக்கல், அல்லது குரலுக்கு முன்னே வரும் ஒரு பளபளப்பு. கடையில் 10 நிமிடம் மயக்கும், வீட்டில் ஒரு மாதத்தில் சலிக்கும். கொச்சியில் செய்யப்படும் ரெத்ம் போன்றவை இன்னொரு ரகம். தொனியின் பெரும்பகுதியை ஒரே கூம்பிடம் விடும் தனிப் பள்ளி அது. அதை அளவுகோலால் விரும்பமாட்டீர்கள், கேட்டால் விரும்பக்கூடும். இப்படி ஒரு குறிப்பிட்ட ஒலியின் மேல் காதல் வந்துவிட்டால் ஒப்பீட்டுக்கு அங்கே வேலையில்லை, வாங்குங்கள்.

மறைந்த செலவுகளும் பெரியவை. பெரிய பெட்டி நல்ல ஆம்பைக் கேட்கும். இறக்குமதிப் பெட்டியின் ட்வீட்டர் போனால் மாற்று வர வாரங்கள் ஆகலாம். மறுவிற்பனையில் கொடுத்த விலை தேறாது. நாலு பேர் சேர்ந்து தூக்கும் பெட்டியை ரிப்பேருக்கு எப்படி அனுப்புவது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நடுவே ஒரு குறுக்கு வழி இருக்கிறது. வழி 1-இன் ஜோடியோடு பேஸுக்கென்றே உள்ள சப்வூஃபர் பெட்டி ஒன்றைச் சேர்த்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதன் பொறுப்பில் விட்டுவிடுவது. காற்றைத் தள்ளும் வேலையைப் பெரிய வூஃபர் எடுத்துக்கொள்ளும், சின்னப் பெட்டி மூச்சு வாங்காது. எல்லாம் சேர்த்து 90 ஆயிரத்துக்குள் முடியும். 3 லட்சத்துக்குப் போகுமுன் இதை ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

## வழி 4: அசெம்பிள் செட், பழைய கல்ஃப் பெட்டி

பாறசாலைப் பக்கம் அசெம்பிள் செய்து கொடுக்கும் மெக்கானிக்குகளுக்குக் கைராசி உண்டு, ரிப்பேருக்கு அவர்களே இருப்பார்கள் என்பது பெரிய வசதி. ஆம்ப் செய்ய அவர்களிடம் தாராளமாகக் கொடுக்கலாம். பெட்டிக்கு மட்டும் யோசியுங்கள். வூஃபரின் தீல்-ஸ்மால் எண்ணைக் கேட்டுப் பெட்டி செய்பவரா, இருக்கும் பலகைக்கு ஏற்ப அறுப்பவரா என்று பேச்சிலேயே தெரிந்துவிடும். 80-களில் கல்ஃபிலிருந்து வந்த ஜப்பான் பெட்டிகள் இன்னும் பல வீட்டு மாடியில் கிடக்கின்றன. நுரை வளையம் உதிர்ந்திருக்கும்; அதை மாற்றலாம். செலவு குறைவு, பாசத்துக்காகச் செய்யலாம். புதிதாகப் பணம் கொடுத்து அவற்றைத் தேடி வாங்க வேண்டியதில்லை.

## ஒரு பார்வையில்

| | பாசிவ் + ஆம்ப் | ஆக்டிவ் மானிட்டர் | லட்சங்களில் | அசெம்பிள் / பழையது |
|---|---|---|---|---|
| மொத்தச் செலவு, உத்தேசமாக | 45–65 ஆயிரம் | 28–45 ஆயிரம் | 3 லட்சத்துக்கு மேல் | 10–30 ஆயிரம் |
| தொனி | மிக நன்று | மிக நன்று | பெட்டியைப் பொறுத்து | செய்பவரைப் பொறுத்து |
| ஆழ்ந்த பேஸ் | சப்வூஃபர் வேண்டும் | சப்வூஃபர் வேண்டும் | தானே உண்டு | உப்பலாக வர வாய்ப்பு |
| இடி, மின்சாரம் | ஆம்புக்கு மட்டும் ஆபத்து | பெட்டிக்கே ஆபத்து | ஆம்புக்கு மட்டும் | ஆம்புக்கு மட்டும் |
| உள்ளூர் ரிப்பேர் | எளிது | கடினம் | கடினம், செலவு | மிக எளிது |
| பொருந்தும் இடம் | படுக்கையறை, சின்ன ஹால் | மேசை, வாடகை வீடு | பெரிய ஹால் | இரண்டாவது செட் |

## அறையைப் பற்றி, பணம் கொடுக்கும் முன்

புதிதாகக் கட்டும் வீடுகளில் ஹால் என்றால் வழுக்கும் டைல்ஸ், பெரிய கண்ணாடி ஜன்னல், வெறும் சுவர். நடுவில் நின்று ஒரு முறை கைதட்டிப் பாருங்கள். ‘டர்ர்’ என்று வால் நீண்டால், 3 லட்சப் பெட்டியும் அந்த அறையில் கூச்சலிடும். பழைய ஓட்டு வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு. சரிந்த கூரை ஒலியை நேராகத் திருப்பி அடிக்காது, பேஸும் கொஞ்சம் வெளியே கசிந்துவிடும். கான்கிரீட் வீட்டுக்காரர்கள் கனமான திரைச்சீலை, புத்தக அலமாரி, தரையில் பவானி ஜமக்காளம் என்று தொடங்கலாம். தடித்த கார்பெட் வேண்டாம், ஆடி மாத ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

பேஸில் அறையின் கை இன்னும் ஓங்கும். 12 அடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் இரண்டு சுவருக்கு இடையே 47 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு முழக்கம் தானாக எழும். 10 அடிக்கு 56. அதை ஸ்பீக்கரின் குறை என்று நினைத்துப் பெட்டியை மாற்றுபவர்கள் உண்டு. பெட்டியையோ நாற்காலியையோ இரண்டு அடி நகர்த்தினாலே பெரும்பாலும் மாறிவிடும். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் ஒரு சின்ன அளவை மைக்கும் இருந்தால் கண்ணாலேயே பார்க்கலாம்.

காதால் சோதிக்க மிருதங்கத்தைவிட நல்ல கருவி தெரியவில்லை. வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோலில், ஒட்டிய கரிய கரணையால் அதன் மேல்சுருதிகள் சாதாரணத் தோல் வாத்தியம் போல் கலைந்து போகாமல் ஒழுங்கான சுருதி வரிசையில் நிற்கின்றன. 1920-இல் சி.வி. ராமன் சிவகாளி குமாரோடு சேர்ந்து எழுதியதும் இதைப் பற்றித்தான். அதனால் நடுத்தொனியில் கொஞ்சம் கோணல் இருந்தாலும் மிருதங்கம் தகர டப்பா போல் ஆகிவிடும். தொப்பியில், அதாவது இடப்பக்கத்தில், கும்கி எனும் அடித்தொனி வழுக்கிப் போகும்போது ஓரிடத்தில் மட்டும் வீங்கினால் அது அறையின் வேலை; எல்லா இடத்திலும் வீங்கினால் பெட்டியின் வேலை. திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் கச்சேரி கேட்டவருக்கு அளவுகோல் காதிலேயே இருக்கும்.

கடைக்குப் போகும்போது உங்கள் பாட்டையே கொண்டு போங்கள். இரண்டு ஜோடியை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வைக்கச் சொல்லுங்கள், போனில் இருக்கும் டெசிபல் ஆப் போதும். 1 டெசிபல் கூடுதலாக இருந்தாலே காது அதை ‘நல்லது’ என்று எடுத்துக்கொள்ளும், விற்பவர்களுக்கு இது தெரியும். முடிந்தால் திரும்பி உட்கார்ந்து, எது ஓடுகிறது என்று சொல்லாமல் போடச் சொல்லுங்கள். ஒரு வாரம் வீட்டில் வைத்துக் கேட்டுத் திருப்பித் தர விடுவார்களா என்று கேளுங்கள். விடும் கடைக்கு ஆயிரம் இரண்டாயிரம் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

புது வீட்டுக்காரருக்கு என் பதில்: ஹால் 20 அடி என்றால் ரப்பர் வளையம் உள்ள 6 அங்குலப் பாசிவ் ஜோடி, ஒரு சப்வூஃபர், பட்டறை ஸ்டாண்ட், ஜன்னலுக்குக் கனத்த திரை. ஐப்பசிக்கு முன் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். பெட்டி வந்த அட்டையையும் தெர்மோகோலையும் பரணில் ஏற்றி வையுங்கள், வாரண்டிக்கு அனுப்ப நேர்ந்தால் அது இல்லாமல் கூரியர்காரர் எடுக்க மாட்டார்.